பச்சையம்மா தொட்ட இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிழைத்துக்கொண்டேன். இவள் கடைசிவரை இருப்பாளா போய்விடுவாளா என்று யாரும் பதற வேண்டியதில்லை. பதறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். எனக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். என்னைக் காப்பாற்ற வருகிறவருடைய ரத்தத்துக்குள்ளேயே அந்த நோயின் விதை இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த சோதனை. இப்போது ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற குடும்பம் ஒன்று, டாக்டர் கேட்கிற கேள்விக்குக் கொஞ்சம் நிதானித்துப் பதில் சொன்னால் நான் எழுதியதற்குப் பலன் உண்டு.

என் பெயர் தமிழரசி. கடலூர் முதுநகரில் பத்திரம் எழுதுகிறேன். ஒரு மனை கைமாறுவதற்கு முன்னால் அதன்மேல் கடன் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பங்காளி எவனாவது பதுங்கியிருக்கிறானா என்று வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை. "இந்தம்மா பொண்ணு பாக்கறதுக்கே வில்லங்கம் போட்டுப் பாக்கும்" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். என் கணவர் கலியபெருமாள் கீரப்பாளையத்துக்காரர், என் அம்மாவின் கடைசித் தம்பி. கல்யாணத்துக்கு முன்பும் மாமா, பிறகும் மாமா என்பதால் கூப்பிடுகிற சிரமம் எனக்கு வைக்கவில்லை. கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் டிரைவர். எங்களுக்கு ஒரே மகள் கயல்விழி, சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். என் தம்பி சேகர், அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டு காடாம்புலியூரில் இருக்கிறான்.

அப்பா வீட்டுக்குக் குலதெய்வம் பச்சையம்மன். அந்த வீட்டில் பிறந்த சிலருக்கு ஒரு வாகு உண்டு. கதவு நிலையில் லேசாக இடித்துக்கொண்டால் போதும், அந்த இடம் கறுத்து, நீலமாகி, பிறகு பச்சையாகப் பூத்து ரொம்ப நாள் நிற்கும். வேறு வீடாக இருந்தால் வைத்தியம் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பச்சையம்மா தொட்ட இடம் என்று அதற்குப் பெயர். அது இருக்கிற பிள்ளைக்குத்தான் கோயிலில் பொங்கல் பானையை இறக்குகிற உரிமை. அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் சேகருக்கும் இருந்தது. என் அத்தைக்கும் இருந்தது. தலைப்பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் அவள் போனபோது, அம்மனே கூப்பிட்டுக்கொண்டாள் என்று சொல்லிப் படையல் போட்டார்கள். அப்பா ஐம்பதைத் தாண்டியதும் வெளுத்துப்போய்க் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ரத்தம் சுண்டிப்போச்சு என்றார்கள். நாங்களும் சரியென்று கருமாதி முடித்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினோம்.

எனக்கு ஆரம்பித்தது அசதியில். மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு இரைத்தது. பல் தேய்த்தால் துப்புவதெல்லாம் சிவப்பு. காலில் ஊசிக்குத்துப் போலப் புள்ளிகள் வந்தன. கொசுக்கடி என்றார் மாமா. முதுநகர் கொசுவைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஊரில் டெங்கு நடமாடிக்கொண்டிருந்ததால் லேபில் போய் ரத்தம் கொடுத்தேன். லேப் பையன் முடிவைத் தராமல், மிஷின் சரியில்லை என்று இன்னொரு தரம் எடுத்தான். மறுபடி எடுத்ததையும் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க போயி மாமாவ அனுப்புங்க" என்றான். என்னிடம் சொல்லக் கூடாதது என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே மஜ்ஜைப் பரிசோதனை. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பெலும்புக்குள் இன்னொரு ஊசியை இறக்கி, உள்ளே இருக்கிறதை உறிஞ்சுவார்கள். வலியைவிட அந்த உறிஞ்சல்தான் மோசம், உயிரை நூல் கட்டி இழுப்பதுபோல இருந்தது. நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ, ரத்தத்துக்கு மஜ்ஜை அப்படி. அதில் பிழை விழுந்துவிட்டால் அதிலிருந்து பிறக்கிற ஒவ்வொன்றிலும் பிழை. என் மஜ்ஜை முதிராத வெள்ளை அணுக்களாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தது. நல்ல ரத்தத்துக்கு உள்ளே இடமே இல்லை.

இளவயது டாக்டர் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மாமா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "டீ சாப்புடறியா?" என்றார். "வேணாம் மாமா" என்றேன். போய் ரெண்டு டீ வாங்கிவந்து ரெண்டையும் அவரே குடித்தார். எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

கீமோ கொடுத்தார்கள். முடி கொட்டியது, நாக்கில் எல்லாமே இரும்பாக ருசித்தது. அந்த நாட்களில் எனக்குத் தெம்பாக இருந்தது பெரிய பெரிய ஆறுதல் வார்த்தைகள் இல்லை. கயல் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து, வகுப்பில் பிள்ளைகள் அடித்த கூத்தை நடித்துக் காட்டுவாள். சேகர் பெண்டாட்டி அமுதா, எனக்கு எண்ணெய் ஆகாது என்று தெரிந்து, முந்திரியை ஆவியில் வேகவைத்துக் கொண்டுவந்தாள். அப்படி ஒரு பண்டம் உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வாயில் வைக்க முடியவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அந்தப் பாவத்துக்கு அடுத்த வாரமும் கொண்டுவந்தாள்.

கீமோவில் நோய் அடங்கியது. அடங்கியதே தவிரப் போகவில்லை என்றார் இளம் டாக்டர். எனக்கு வந்த வகை திரும்பி வருகிற வகை. திரும்பி வருவதற்குள் வேறொருவருடைய குருத்தணுக்களை ஏற்ற வேண்டும். குருத்தணு என்பது மஜ்ஜையில் இருக்கிற விதைநெல். அதுதான் முளைத்து எல்லா ரத்த அணுவாகவும் ஆகும். என் கெட்ட மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல விதையை விதைப்பது. யாருடையதை வேண்டுமானாலும் போட முடியாது. அணுக்களின் மேல் அடையாளக் குறிகள் உண்டு, அவை பொருந்த வேண்டும். கூடப்பிறந்தவர்களிடம் முழுதாகப் பொருந்த வாய்ப்பு உண்டு. பெற்ற பிள்ளை எப்போதும் பாதி. கணவன் மனைவிக்குள் பொருத்தமே பார்ப்பதில்லை, அந்நிய ரத்தம் என்பதால்.

"நீங்க குடுக்க வேணாம் சார், நீங்க ஹஸ்பெண்டுதானே" என்று மாமாவை அனுப்பப் பார்த்தார்கள்.

"நான் புருஷன் மட்டும் இல்லீங்க. தாய்மாமன்" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவ்ளோ விவரமா பேசுறீங்க. சொந்தத்துலயே பண்ணிக்கிட்டீங்களா?"

"விவரம் வர்றதுக்குள்ள தாலி கட்டிட்டாருங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு மாமாவுக்கும் எடுத்தார்.

முடிவு வந்த அன்று வார்டே கொண்டாடியது. சேகர் முழுப் பொருத்தம். மாமாவும் கயலும் பாதி. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், சேகர் சதையோடு சேர்ந்து தானும் ஆடினான். நர்சுகளுக்கெல்லாம் முந்திரிப் பொட்டலம். குடிப்பதை அன்றோடு விட்டான். யாரோ சொன்னார்கள் என்று தினமும் பீட்ரூட் தின்று, வாயெல்லாம் சிவப்பாக வந்து என்னைப் பயமுறுத்தினான்.

அப்போது டாக்டர் அவனிடம் வழக்கமான கேள்விகள் கேட்டார். சர்க்கரை உண்டா, மஞ்சள் காமாலை வந்ததா என்று வரிசையாக வந்து, "குடும்பத்துல யாருக்காவது ரத்த சம்பந்தமா ஏதாவது? ரத்தம் நிக்காம போறது, அந்த மாதிரி?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது டாக்டர். நாங்க பலாப்பழம் துன்னு வளந்த ஒடம்பு."

நானும் பக்கத்தில் படுத்தபடி இல்லை என்று தலையாட்டினேன். இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. நோயைப் பற்றிக் கேட்டார்கள், எங்களிடம் இருந்தது நோய் இல்லையே, அம்மனுடைய அடையாளம். சேகருக்குத் தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள், கொஞ்சம் குறைவாக இருந்தன. டெங்கு வந்து போயிருக்கும், தானே ஏறிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

குருத்தணு மாற்றுகிற சிகிச்சை சென்னையில். தேதி குறித்தாகிவிட்டது. கடைசி முறையாக எங்களைப் பார்க்க, அங்கிருந்த பெரிய டாக்டரம்மா எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். நரைத்த தலை, அதிகம் பேசாதவர். சேகருக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை ஏற்றினார்கள். சில நாள் முன்பு ரத்தம் எடுத்த இடம், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பச்சையாகப் பரவிக் கிடந்தது.

"இது என்ன?" என்றார் டாக்டரம்மா.

"அது ஒண்ணும் இல்லீங்க மேடம். பச்சையம்மா தொட்ட எடம்" என்றான் சேகர். பெருமையாகத்தான் சொன்னான்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்டின்னா? இது உங்களுக்கு அடிக்கடி வருமா?"

"பொறந்ததுலேருந்து. எங்கப்பாவுக்கு, அக்காவுக்கு, அத்தைக்கு எல்லாருக்கும் உண்டு மேடம்."

"அப்பா இருக்காரா?"

"இல்லீங்க. ரத்தம் சுண்டிப் போயிட்டாரு."

"அத்தை?"

"பிரசவத்துல போயிட்டாங்க. ரத்தம் நிக்கல."

சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் இறங்கியது. எழுதிக்கொண்டிருந்த உதவி டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டார். சேகர் அதைப் பார்த்துவிட்டு, நல்லதாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, சுவரோரம் நின்ற கயலைக் காட்டி, "எங்க கயலுக்குக்கூட உண்டு மேடம். நட பழகறப்பவே முட்டியில பச்ச பூத்துது. எங்கப்பா பலாப்பழத்தத் தலையில தூக்கினு வந்து குடுத்தாரு" என்றான்.

டாக்டரம்மா கயலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு மரபணுவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் கயலின் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

தேதியை ரத்து செய்துவிட்டார். காரணத்தை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்த அணுக்கள் எப்படி வளர வேண்டும், எப்போது முதிர வேண்டும் என்று கட்டளையிடுகிற மரபணு ஒன்று உண்டு. சில குடும்பங்களில் அது பிறவியிலேயே பிசகியிருக்கும். பிசகு உள்ளவர்களுக்குத் தட்டணுக்கள் குறையும், லேசில் கன்றிப்போகும். பலர் அதோடு காலம் தள்ளிவிடுவார்கள். சிலருக்கு அது ஒருநாள் புற்றாகத் திரும்பும். "உங்க தம்பியும் நீங்களும் அவ்வளவு பொருந்துறீங்க. அந்தப் பிசகும் சேர்ந்து பொருந்துதான்னு பார்க்கணும். பொருந்துச்சுன்னா, உங்க ரத்தத்தை எடுத்துட்டு அதே மாதிரி ரத்தத்தைத்தான் மறுபடி ஊத்துறோம். அது முளைக்காமலும் போகலாம். முளைச்சு, சில வருஷம் கழிச்சு அதுவே நோயாவும் மாறலாம்."

என் ரத்தத்தில் நோய் கலந்திருந்ததால், பிறவி மரபணுவைப் பார்க்க என் கையிலிருந்து கொஞ்சம் தோலை வெட்டி எடுத்தார்கள். சேகர், கயல், மாமா மூவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரப் பல வாரம் ஆகும். அதுவரை நோய் அடங்கியே இருக்குமா என்று கேட்டேன். "இருக்கணும்" என்று மட்டும் சொன்னார் டாக்டரம்மா.

அந்தக் காத்திருப்பைப் போல ஒரு காலத்தை நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் மறுபடி கீமோ. பக்கத்துக் கட்டிலில் இருந்த, என்னைப் போலவே நோய் அடங்கிய பெண்ணுக்கு அது திரும்பிவிட்டது. அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் ஜன்னல் மேடையில் நின்றுவிட்டது. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, நானும் நர்சிடம் சொல்லவில்லை.

வீட்டில் புகைச்சல் கிளம்பியது. "ஒரு பச்சத் தழும்பப் பாத்துட்டு, பொழைக்கிற உசுரப் புடிச்சி நிறுத்தி வெச்சிருக்காங்களே" என்று அமுதா அழுதாள். சேகருக்கு அழுகையைவிட ரோஷம்தான் ஜாஸ்தி. காடாம்புலியூரில் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்திருக்கிறான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சன்னிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு. வெள்ளை வந்துவிட்டது. அதோடு விட்டானா, இந்தப் பரிசோதனை எதுவும் கேட்காமல் உடனே சிகிச்சை செய்கிற இடம் ஒன்றையும் விசாரித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அம்மனே உத்தரவு குடுத்துட்டா யக்கா. நீ என்னாத்துக்கு அந்த டாக்டரம்மா வாயப் பாத்துனு படுத்திருக்க? நாள் போவுது. திரும்பிச்சின்னா என்னா பண்ணுவ?"

"கொஞ்சம் பொறு சேகரு."

"என் ரத்தம் ஆவாதுன்னு நீயும் நெனைக்கிறியா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. உயிரைக் கொடுக்க வந்தவனைப் பார்த்து, உன் ரத்தத்தில் வில்லங்கம் இருக்கும்போல, பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று எந்த அக்கா சொல்லுவாள்? ஆனால் என் தொழில் புத்தி என்னை விடவில்லை. பத்திரம் பதிகிற அவசரத்தில் ஆள் மாறி நிலம் மாறி நாசமாய்ப் போன குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாமா பக்கம் திரும்பினேன். அவர் சேகரின் தோளைப் பிடித்து, "அவ சொல்றத கேளு மச்சான். நாள் போனா போவுது" என்றார். சேகர் தோளை உதறிக்கொண்டு போய்விட்டான். சில வாரம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அமுதா மட்டும் அவனுக்குத் தெரியாமல் வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போனாள்.

முடிவைச் சொல்ல டாக்டரம்மா எங்களைச் சென்னைக்கு அழைத்தார். சேகரும் வந்தான், பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தான். என் தோலில் அந்தப் பிசகு இருந்தது, அதாவது பிறவியிலேயே. சேகருக்கும் இருந்தது. "உங்க கவுண்ட் இப்ப பரவாயில்ல. வருஷா வருஷம் பார்த்துக்கணும்" என்று அவனிடம் சொன்னார். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பச்சை எப்போதோ மறைந்திருந்தது. பிறகு டாக்டரம்மா கயலிடம், "நீ மட்டும் தனியா வர்றியாம்மா?" என்றார்.

"பரவால்ல மேடம். சொல்லுங்க" என்றாள் கயல்.

அவளுக்கும் இருந்தது.

நான் அப்போது அழுதேன். எனக்கு நோய் என்று சொன்ன அன்று அழவில்லை, முடி கொட்டியபோது அழவில்லை. பெற்று, பால் கொடுத்து, படிக்கவைத்து, கடைசியில் இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேனே என்று வாய்விட்டு அழுதேன். "இருந்தா வந்துடும்னு அர்த்தம் இல்ல. வராமலே வாழ்ந்து முடிக்கிறவங்க நிறைய பேர்" என்றார் டாக்டரம்மா. கயல்தான் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் அழவே இல்லை, அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மிச்சம் இருந்தவர் மாமா. பிசகு வந்தது அப்பா வழியில். அவர் அம்மா வழி, ஆகவே அவரிடம் அது இல்லை. என் தாய்மாமன் என்பதால் பாதிப் பொருத்தமும் இருந்தது. படித்தவர்கள் முகம் சுளித்த எங்கள் கல்யாணம் அந்த ஓர் இடத்தில் மட்டும் கைகொடுத்தது. அதற்காக எல்லோரும் அக்கா மகளைக் கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கட்டிக்கட்டி நோயை உள்ளேயே சுற்றவிட்ட குடும்பங்களும் உண்டு என்று டாக்டரம்மா கையோடு சொல்லிவிட்டார்.

பாதிப் பொருத்தத்தில் ஆபத்து ஜாஸ்தி. வந்த அணுக்கள், இது யார் வீடு என்று தெரியாமல் என் உடம்பையே தாக்கலாம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினதாம் என்பார்களே, அதுதான். மாமாவுடையதைப் போட்டால் உடனே செத்துப்போகிற ஆபத்து, சேகருடையதைப் போட்டால் பிறகு மெதுவாக நோய் திரும்பி வருகிற ஆபத்து. முடிவு என்னுடையது என்றார்கள். சேகர் எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தான். "மாமாதையே போட்டுக்க யக்கா" என்றான். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் என்னை அடைத்து, கடுமையான மருந்தால் என் மஜ்ஜையைத் துடைத்தார்கள். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கக் கண்ணீர் வந்தது. மாமாவுக்கு ஊசி போட்டுக் குருத்தணுக்களை ரத்தத்தில் பெருகவைத்து, மிஷினில் உட்காரவைத்து எடுத்தார்கள். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனிதர், ரெண்டு கையையும் அசைக்காமல் உட்கார்ந்ததுதான் பெரிய கஷ்டம் என்றார். கடைசியில் ஒரு சின்னப் பை, வெளிறிய சிவப்பு. சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோலவே ஏற்றினார்கள். இதற்காகவா இவ்வளவு பாடு என்று இருந்தது.

பிடாரி ஆடத்தான் செய்தது. உடம்பெல்லாம் சிவந்து, உள்ளங்கை பாம்புச் சட்டைபோல உரிந்தது. காய்ச்சல் ஏறிய நாட்களில் யார் யாரோ வந்து நின்றார்கள், அதில் அப்பாவும் இருந்தார். மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டிலிருந்து எனக்கென்று வந்த முறுக்கை உள்ளே விடமாட்டார்கள். என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்று, ரொம்ப நல்லா இருக்கு என்று சைகை காட்டுவார். வாய்ப்புண்ணோடு நான் திட்டுவேன். திட்டுகிற தெம்பு வந்துவிட்டது என்று நர்சிடம் போய்ச் சொல்லுவார். ஒரு காலையில் வெள்ளை அணுக்கள் மெல்ல ஏறியிருந்தன. அவருடைய விதை என் எலும்புக்குள் முளைத்துவிட்டது. என் ரத்த வகைகூட இப்போது அவருடையதாக மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்திரம் எழுதவும் ஆரம்பித்திருக்கிறேன். சேகர் வாரம் தவறாமல் வருகிறான், கோயிலில் இப்போதும் பானையை அவன்தான் இறக்குகிறான், வருஷப் பரிசோதனைக்கும் போகிறான். போன முறை கயல் இல்லாமல் நானும் மாமாவும் மட்டும் சென்னைக்குப் போனபோது, நெடுநாளாகத் தொண்டையில் நின்றதை டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இப்ப என் ஒடம்புல ஓடுறது அந்தப் பிசகு இல்லாத ரத்தம்தானுங்களே மேடம். நாளைக்கு எம் பொண்ணுக்குத் தேவப்பட்டா என்கிட்டேருந்து எடுக்கலாமா?"

"முடியாதும்மா. வாங்கினவங்க திரும்பக் குடுக்க முடியாது."

"அப்ப அவளுக்கு யாரு?"

முன்பின் தெரியாதவர்கள் பதிந்துவைக்கிற பட்டியலில் தேடலாம், நம் ஆட்கள் அதில் குறைவு என்றார். பிறகு மாமாவைப் பார்த்தார். "அப்பா பாதிப் பொருத்தம். ஆனா வயசு ஏற ஏறக் குடுக்கிற அணுக்களோட தரம் குறையும். வேற நோய் வராம இருக்கணும்." மாமா சரிங்க என்றார்.

கயல் தன் பரிசோதனைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம், நல்ல உற்சாகத்தில் இருந்தாள்.

"எனக்கு வந்தா ஒன்கிட்டேருந்தே எடுத்துக்குவேம்மா. ஒனக்குத்தான் இப்ப பிரச்சன இல்லியே" என்று சிரித்தாள்.

"எடுத்துக்கடி. ஒனக்கு இல்லாததா" என்றேன்.

மாமா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடக்கப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலு வீடு தள்ளியிருக்கிற கடைக்குக்கூட நடக்காத மனிதர். விடிந்ததும் முதல் வேலையாக எடுக்கிற பீடிக்கட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவந்து, வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கொஞ்ச தூரத்துக்கே மூச்சு வாங்குது தமிழு" என்றார்.

உள்ளே கயல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று கதவைச் சாத்தினேன்.